கடைக்கு வந்தும் கைக்குப் போகாத போன்கள்

ஒரு ஸ்மார்ட்போன் மாடல் எத்தனை விற்றது என்பதை மட்டும் வைத்து அது தோற்றதா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. எத்தனை விற்கும் என்று நம்பி அதைத் தயாரித்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். பத்து லட்சம் போன் விற்றால் ஒரு சிறு நிறுவனம் கொண்டாடும். ஆப்பிளோ சாம்சங்கோ அதே எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்படும். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் கிட்டுவதில்லை. சந்தை ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் எண்கள் பெரும்பாலும் ஆலையிலிருந்து விநியோகஸ்தருக்கு அனுப்பப்பட்ட பெட்டிகளைக் குறிப்பவை. அந்தப் பெட்டி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதா, கடையின் பின்னறையில் கிடக்கிறதா என்பதை அவை சொல்லாது. 2018-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஆப்பிள் தன் ஐபோன் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. ஆகவே ஒரு மாடலின் தோல்வி பெரும்பாலும் மறைமுகமாகத்தான் தெரியவருகிறது: வெளிவந்த சில வாரங்களில் விலை சரியும், அடுத்த ஆண்டு அதே வரிசையில் வாரிசு இல்லாமல் போகும், அல்லது நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையில் விற்காத சரக்குக்கான நட்டம் ஒரு வரியாக வந்து நிற்கும்.

அமேசானின் ஃபயர் போனில் இம்மூன்றும் நடந்தன. 2014 ஜூனில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அதை மேடையில் அறிமுகப்படுத்தினார். ஜூலையில் அமெரிக்காவில் ஏடி அண்டு டி என்ற ஒரே தொலைபேசி நிறுவனத்தின் வழியாக விற்பனைக்கு வந்தது. இரண்டாண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலர், ஒப்பந்தம் இல்லாமல் 649 டாலர். செப்டம்பரில் ஒப்பந்த விலை 99 சென்ட் ஆனது. அக்டோபரில் அமேசான் இந்தப் போனுக்காக 17 கோடி டாலர் நட்டக் கணக்கு எழுதியது. 8 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்புள்ள போன்கள் அப்போதும் கையிருப்பில் இருந்தன. மறு ஆண்டு விற்பனை முடித்துவைக்கப்பட்டது. வாரிசு வரவே இல்லை.

அது மோசமான கருவி என்று சொல்ல முடியாது. முன்பக்கத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த கேமராக்கள் பார்ப்பவரின் தலை அசைவைத் தொடர்ந்து, திரையில் உள்ள படம் ஆழம் கொண்டதுபோலத் தோன்றச் செய்தன. அதைச் சாத்தியமாக்க எளிதல்லாத பொறியியல் தேவைப்பட்டது. ஆனால் தலையைச் சாய்த்தால் வரைபடமும் சாய வேண்டும் என்று வாங்குபவர் யாரும் கேட்டிருக்கவில்லை. ஃபயர்ஃபிளை என்ற இன்னொரு வசதி, எந்தப் பொருளைக் காட்டினாலும் அடையாளம் கண்டு அமேசானில் வாங்க வழிசெய்தது. அது யாருடைய தேவை என்பதில் ஐயமே இல்லை. கூகுளின் ப்ளே ஸ்டோர் அதில் கிடையாது. யூடியூபும் கூகுள் மேப்ஸும் செயலிகளாகக் கிடைக்கவில்லை. விலை மட்டும் ஐபோனுக்கு இணையாக இருந்தது.

பெரும்பாலான தோல்விகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. தயாரிப்பவர் புதிய போனைத் தன் பழைய மாடலோடும், போட்டியாளரின் அறிவிப்போடும், தன் ஆய்வகத்தில் என்ன முடியும் என்பதோடும் ஒப்பிடுகிறார். வாங்குபவர் ஒப்பிடுவது இரண்டே பொருள்களோடு: அதே விலைக்குக் கடை மேசையில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு போன், தன் சட்டைப்பையில் ஏற்கெனவே இருக்கும் போன். முதல் வகை ஒப்பீட்டில் வென்று இரண்டாம் வகையில் தோற்கும் மாடல்கள்தான் கையிருப்பில் தேங்குகின்றன.

விலையிலிருந்தே தொடங்கலாம். விலை அதிகம் என்பதனால் மட்டும் ஒரு போன் தோற்பதில்லை. லட்ச ரூபாய்ப் போன்கள் இந்தியாவில் ஆண்டுதோறும் விற்கத்தான் செய்கின்றன. விலைப்பட்டியலில் அது எந்த இரண்டு போன்களுக்கு நடுவே உட்காருகிறது என்பதே கேள்வி. 2013-இல் ஆப்பிள் இரண்டு ஐபோன்களைச் சேர்த்து வெளியிட்டது. 5எஸ் உலோக உடலும் புதிய சிப்பும் கைரேகை உணரியும் கொண்டது. 5சி வண்ண வண்ணப் பிளாஸ்டிக் உடலுக்குள் முந்தைய ஆண்டின் ஐபோன் 5-இன் உள்ளுறுப்புகளைக் கொண்டது. அமெரிக்காவில் இரண்டுக்கும் வித்தியாசம் 100 டாலர்தான். இந்தியாவில் 5சி 41,900 ரூபாய்க்கும் 5எஸ் 53,500 ரூபாய்க்கும் வந்தன. 41,900 கொடுக்கத் துணிந்தவர் அது போதும் என்று நிற்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. விலை குறைந்த ஐபோனுக்காகக் காத்திருந்தவருக்கோ 41,900 எட்டாத தொகை. இரண்டு போன்களுக்கான தேவை தாங்கள் எதிர்பார்த்த விகிதத்தில் இல்லை என்று தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் 2014 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு எதிர்ச்சான்று ஐபோன் எக்ஸ்ஆர். 2018 அக்டோபரில் அது இந்தியாவில் 76,900 ரூபாய்க்கு வந்தபோது வாங்க ஆள் இல்லை. 2019 ஏப்ரலில் விலை 59,900 ஆகி, வங்கி அட்டைச் சலுகையோடு இன்னும் குறைந்ததும் விற்பனை விறுவிறுவென ஏறியது. அவ்வாண்டு உலகிலேயே அதிகம் அனுப்பப்பட்ட போன் எக்ஸ்ஆர் என்று ஆம்டியா என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. சென்னைக்கு அருகே ஃபாக்ஸ்கான் ஆலையில் அதன் தயாரிப்பும் தொடங்கியது. போனில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

பெயருக்கும் ஒரு விலை உண்டு. ரெட்மி என்றால் கொடுக்கும் காசுக்கு மேல் கிடைக்கும் என்று ஷாவ்மி ஐந்தாண்டுகள் இந்தியர்களைப் பழக்கியிருந்தது. 2019 ஜூலையில் ரெட்மி கே20 போனுக்கு 21,999 ரூபாய் என்று அறிவித்ததும் அந்த நிறுவனத்தின் தீவிர ரசிகர்களே சண்டைக்கு வந்தார்கள். இந்தியப் பிரிவின் தலைவர் மனு குமார் ஜெயின் பகிரங்கக் கடிதம் எழுதி விலைக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வேறு பெயர் பொறித்திருந்தால் அதே போனுக்கு அதே விலை நியாயமாகப் பட்டிருக்கலாம். மலிவு என்ற நற்பெயர் கீழிருந்து வளர உதவும். மேலே ஏறும்போது அதுவே காலைப் பிடித்து இழுக்கும்.

செயலிகள் இல்லாத போனுக்கு எந்த விலையும் அதிகம்தான். பிளாக்பெர்ரி இசட்10 2013 பிப்ரவரியில் 43,490 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. பத்தாண்டுகளாக விசைப்பலகைக்காகவே பிளாக்பெர்ரியை வைத்திருந்தவர்களுக்கு விசையே இல்லாத தொடுதிரைப் போனை முதலில் நீட்டியது அந்த நிறுவனம். தொடுதிரையை விரும்பியவர்களிடம் ஏற்கெனவே ஐபோனோ ஆண்ட்ராய்டோ இருந்தது, அதில் அவர்களுக்கு வேண்டிய செயலிகளும் இருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் முடிவுக்கு வந்த காலாண்டில் நிறுவனம் எழுதிய சரக்கு நட்டம் ஏறத்தாழ 93 கோடி டாலர். அதில் பெரும்பகுதி இசட்10. மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்தின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. அதில் இயங்கிய நோக்கியாவின் லூமியா போன்களில் கட்டுமானமும் கேமராவும் நன்றாகவே இருந்தன. லூமியா 520 போன்ற மலிவு மாடல்கள் இந்தியாவில் நன்றாகவும் விற்றன. ஆனால் அவற்றுக்கு இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான் வந்தது. யூடியூபுக்காக மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய செயலியை நீக்கச் சொல்லி கூகுள் மல்லுக்கு நின்றது. வாங்குபவர் குறைவு என்பதால் செயலி எழுதுபவர்கள் வரவில்லை. அவர்கள் வராததால் வாங்குபவர் இன்னும் குறைந்தார்கள். இந்தச் சுழலில் மூன்றாவதாக ஒரு இயங்குதளம் நிலைத்ததே இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இதன் மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு இந்தியாவில்தான் நடந்தது. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தில் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற ஸ்மார்ட்போனை 1,999 ரூபாய்க்கு விற்றது. நம்ப முடியாத விலை. 128 எம்பி நினைவகம், 2ஜி இணைப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரப்பூர்வ வாட்ஸ்அப் கிடையாது. முதல் ஸ்மார்ட்போன் வாங்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை வாட்ஸ்அப்புக்காகவே அதை வாங்கிய காலம் அது. ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய மொசில்லா அமைப்பு 2015 இறுதியில் போன் முயற்சியைக் கைவிட்டது. அதன் திறந்தமூல அடித்தளத்தின் மேல் எழுந்த கைஓஎஸ், 2017-இல் வந்த ஜியோபோனில் இடம்பெற்றது. 1,500 ரூபாய் வைப்புத்தொகை, 4ஜி இணைப்பு, 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப். அதே வேரிலிருந்து வந்த மென்பொருள் இம்முறை கோடிக்கணக்கான கைகளுக்குப் போனது.

பொருளும் விலையும் சரியாக இருந்தாலும் கடைக்காரர் மனம் வைக்காவிட்டால் போன் நகராது. மேல்நாட்டு ஆய்வுகள் இந்தப் பகுதியை லேசாகத் தாண்டிப்போகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலோர் தொலைபேசி நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு போன் வாங்குகிறார்கள். இந்தியாவில் கையில் காசோடு, அல்லது மாதத் தவணையில், கடைக்குப் போய் வாங்குகிறார்கள். “இருபதாயிரத்துக்குள்ள நல்ல போனா ஒண்ணு காட்டுங்க” என்று கேட்பவருக்கு எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது என்பதை விற்பனையாளர் முடிவு செய்கிறார். அவர் கைக்கு எதில் கூடுதல் ஊக்கத்தொகை வரும், எது பழுதாகித் திரும்பி வந்து தலைவலி தராது, எது ஆன்லைனில் தன் விலைக்குக் கீழே விற்காது என்ற மூன்றும் அந்த முடிவில் கலந்திருக்கின்றன. ஓப்போவும் விவோவும் சிறு ஊர்க் கடைகளின் பெயர்ப்பலகை வரை தங்கள் செலவில் மாட்டிக்கொடுத்து, கடைக்குள் தங்கள் ஆளையும் நிறுத்தி வளர்ந்தது இதைப் புரிந்துகொண்டதால்தான்.

கூகுள் இதைப் புரிந்துகொள்ளாமல் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டது. 2014 செப்டம்பர் 15 அன்று ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தை டெல்லியில் அறிமுகப்படுத்தியவர், சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று இந்திய நிறுவனங்கள் கூகுள் வகுத்த ஒரே அச்சில் போன் செய்தன. விலை 6,399 ரூபாயிலிருந்து. தொடக்கத்தில் அவை அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல் என்ற ஆன்லைன் கடைகளில் மட்டுமே கிடைத்தன. சில வாரம் கழித்து ஊர்க் கடைகளுக்கு வந்தபோது, ஆன்லைனில் விற்று எஞ்சியதைத் தங்கள் தலையில் கட்டுவதாகக் கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அந்தச் செப்டம்பரிலேயே ஷாவ்மியின் ரெட்மி 1எஸ் 5,999 ரூபாய்க்கு வந்திருந்தது. அதில் 8 ஜிபி சேமிப்பிடமும் 8 மெகாபிக்சல் கேமராவும் இருந்தன. ஆண்ட்ராய்டு ஒன் போன்களில் 4 ஜிபியும் 5 மெகாபிக்சலும். மூன்று நிறுவனங்களின் போன்களுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் எதுவும் இல்லாததால், அவற்றில் ஒன்றை முன்னால் நின்று விற்க எவருக்கும் ஆர்வமும் இல்லை.

ஆண்ட்ராய்டு ஒன்னின் சிறப்பாக கூகுள் சொன்னது, புதிய மென்பொருள் உடனுக்குடன் வரும் என்பது. பொறியாளருக்கு அது பெரிய வசதி. டேட்டா விலை அதிகமாக இருந்த அந்த நாள்களில் ஆறாயிரம் ரூபாய்ப் போன் வாங்கியவருக்கு அது நூற்றுக்கணக்கான எம்பி செலவு. ஏர்டெல் சிம் வைத்திருப்போருக்கு ஆறு மாதம் அது இலவசம் என்று தனியே ஏற்பாடு செய்ய நேர்ந்ததே பிரச்சினையின் அளவைக் காட்டும்.

விலையைத் தவறாகப் போட்டால் குறைத்துக்கொள்ளலாம். காலம் தவறினால் மீட்பு கடினம். 2013-இல் எச்டிசி ஒன் போனைப் பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். கேமரா உறுப்புகள் கிடைக்காமல் பல நாடுகளில் வெளியீடு தள்ளிப்போக, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்4 வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. கூகுளும் ஜியோவும் சேர்ந்து செய்த ஜியோபோன் நெக்ஸ்ட், 2021 விநாயகர் சதுர்த்திக்கு வருவதாக இருந்து, உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் தீபாவளிக்குத் தள்ளிப்போனது. தாமதத்தைவிட விலைதான் அதிர்ச்சி. பொத்தான் போன் வைத்திருப்பவர்கள் தாவி வருவதற்கான பாலம் என்று சொல்லப்பட்ட கருவிக்கு 6,499 ரூபாய். தவணையில் வாங்கினாலும் முன்பணம் 1,999, அதன் மேல் 501 ரூபாய் கட்டணம், பிறகு 18 அல்லது 24 மாதம் டேட்டாவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மாதச் சம்பளம் இல்லாதவருக்கு மாதத் தவணை ஒரு சலுகையே அல்ல. தவணை கட்ட முடிந்தவரோ, இன்னும் சில நூறு ரூபாய் சேர்த்து வேறு போன் எடுக்க முடிந்தவர்.

சில சமயம் போன் விற்கும், ஆலை செய்துவைத்த வகை விற்காது. 2015-இல் சாம்சங் தட்டைத் திரை கொண்ட எஸ்6 போனை அதிகமாகவும், வளைந்த திரை கொண்ட எஸ்6 எட்ஜைக் குறைவாகவும் தயாரித்தது. மக்கள் எட்ஜைக் கேட்டார்கள். கணிப்புப் பிழை என்பதற்கு மேல் இதில் ஆராய எதுவும் இல்லை.

புதுமைக்காகவே செய்யப்பட்டுத் தோற்ற போன்கள் தனி வகை. எல்ஜி 2016-இல் வெளியிட்ட ஜி5 போனின் அடிப்பகுதியை உருவி எடுத்து, வேறு கேமராப் பிடியையோ ஒலிக்கருவியையோ செருகலாம். உருவினால் பேட்டரியும் கூடவே வரும், போன் அணைந்துவிடும். துணைக்கருவிகளைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். அவை அடுத்த மாடலில் பொருந்துமா என்பதற்கு உறுதி இல்லை. அடுத்த மாடலில் அந்த அமைப்பையே எல்ஜி விட்டுவிட்டது, வாங்கியவர்களுக்கு அது பதிலாக அமைந்தது. 2021 ஏப்ரலில் எல்ஜி போன் தொழிலைவிட்டே விலகியபோது, அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளின் நட்டம் சுமார் 450 கோடி டாலர்.

கையடக்கமான போன் வேண்டும் என்று கேட்பவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். ஆப்பிள் 5.4 அங்குலத் திரையோடு ஐபோன் 12 மினியையும் 13 மினியையும் செய்து கொடுத்தது. கேட்டவர்களில் சிறு பகுதியே வாங்கினார்கள். 2022-இல் மினியின் இடத்தில் பெரிய திரை கொண்ட பிளஸ் வந்தது. உடல் சிறுத்தால் பேட்டரியும் சிறுக்கும். 12 மினியின் பேட்டரி ஐபோன் 12-இன் பேட்டரியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கையில் பிடித்துப் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் சிறிய போன் ஜெயிக்கும், மாலை ஆறு மணிக்குத் தோற்கும். 2025-இல் வந்த மெலிந்த போன்களும் இதே கணக்கில் சிக்கின. சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர், ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர். ஐபோன் ஏரின் அறிமுக விலை 1,19,900 ரூபாய், பின்புறம் ஒரே கேமரா. அதனுடன் பிறந்த ஐபோன் 17 இரண்டு கேமராவோடு 82,900 ரூபாய்க்குக் கிடைத்தது. ஏரின் விலைக்கு மேல் இன்னும் பதினைந்தாயிரம் போட்டால் மூன்று கேமரா கொண்ட ப்ரோ. விற்பனை தொடங்கிய சில வாரங்களில் ஏரின் உற்பத்தி குறைக்கப்படுவதாகச் செய்திகள் வந்தன.

இதுவரை சொன்னவை மேசையில் பக்கத்தில் இருக்கும் போனோடு நடக்கும் போட்டி. சட்டைப்பையில் இருக்கும் போனோடு நடப்பது இன்னும் கடினமானது, ஏனெனில் அதற்கு ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. 2012 வாக்கில் இரண்டு வருடப் பழைய போன் தடுமாறும். புதியது கண்கூடாக வேகமாக இருக்கும். இன்று நான்கு வருடப் போனிலும் வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ மூன்றும் தடையின்றி ஓடுகின்றன. கேமராவில் ஏற்படும் முன்னேற்றத்தை இருட்டில் எடுத்த இரு படங்களை அருகருகே வைத்தால்தான் காண முடிகிறது. 2019 ஜனவரி 2 அன்று டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், காலாண்டு வருவாய் 8,900 கோடி டாலருக்குக் குறையாது என்ற கணிப்பை 8,400 கோடியாக இறக்கினார். சீனப் பொருளாதாரத்தை முதற்காரணமாகச் சொன்னாலும், மலிவு விலையில் பேட்டரி மாற்றித் தந்ததும் ஒரு காரணம் என்று அதில் இருந்தது. 29 டாலருக்குப் புதிய பேட்டரி போட்டவர்களில் பலர் புதிய போன் வாங்கவில்லை. இந்தியாவில் 2020 ஏப்ரலில் போன்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானதும், செகண்ட் ஹேண்ட் போன்கள் உத்தரவாதத்தோடு கிடைப்பதும் இந்தத் தயக்கத்தை வளர்த்தன.

நம்பிக்கை என்ற காரணியை எண்ணில் அடக்க முடியாது. அதனாலேயே நிறுவனங்கள் அதைக் குறைத்து மதிப்பிடுகின்றன. லூமியா 900 அமெரிக்காவில் 2012 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. ஜூனில், விண்டோஸ் போன் 8 பழைய கருவிகளுக்குக் கிடைக்காது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. இரண்டு மாதப் போன் ஒரே நாளில் பழையதாயிற்று. ஜூலையில் அதன் விலை பாதியானது. சிறு ஊர்களில் இந்த நம்பிக்கை வேறு கேள்வியாக வரும்: சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, உடைந்த திரைக்கு மாற்று கிடைக்குமா. பக்கத்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தேற வேண்டுமானால் எவ்வளவு நல்ல போனும் தள்ளிவைக்கப்படும். “அந்த மாடல் ஹேங் ஆகுதுங்க, எடுக்காதீங்க” என்று ரிப்பேர் கடைக்காரர் சொல்லும் ஒரு வாக்கியத்தை முழுப்பக்க விளம்பரம் அழிப்பதில்லை. அதே சமயம், ஏற்கெனவே ஆழமாக வேரூன்றிய பெயர் பெரிய அடியையும் தாங்கும். 2016-இல் தீப்பற்றிய கேலக்ஸி நோட் 7 போன்களைச் சாம்சங் திரும்பப் பெற்றது, அதன் பிறகு உற்பத்தியையே நிறுத்தியது. ஆறு மாதத்தில் வந்த எஸ்8 நன்றாகவே விற்றது.

விற்காத மாடலின் கதை கையிருப்போடு முடிவதில்லை. சில வேளை அதில் உழைத்தவர்களின் அனுபவம் வேறொரு பொருளுக்குப் போகும். ஃபயர் போனில் கற்றது எக்கோ ஒலிபெருக்கிக்கு உதவியது என்று பெசோஸ் பின்னாளில் பங்குதாரர்களுக்கு எழுதினார். சில வேளை இழப்பு ஆலைவாசலுக்கு வரும். 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலை உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. ஸ்மார்ட்போன் போட்டியில் பின்தங்கிய நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. வரித் தகராறு காரணமாக இந்த ஆலை மட்டும் விற்பனையில் சேராமல் நின்றது. மைக்ரோசாஃப்ட் தன் ஆர்டர்களை நிறுத்திக்கொள்ள, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. எட்டு மாதம் கழித்து மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியதற்காக 760 கோடி டாலர் நட்டம் எழுதி, மேலும் 7,800 பேரை வேலையிலிருந்து எடுத்தது. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் வளாகத்தைப் பின்னர் சால்காம்ப் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஐபோன் உள்ளிட்ட போன்களுக்கான சார்ஜர்களைச் செய்யும் நிறுவனம் அது.